ஊதியதில் ஒன்றுமில்லை

குடிக்காத மனிதரை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

விடிந்ததிலிருந்து ஷம்சாத் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஆமிராவிடம் கேட்டாள். தம்பி சாதிக் பாட்ஷாவிடம் கேட்டாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காரை விட்டு இறங்கும்போதும் கேட்டாள்.

"அதத்தான லாத்தா கேக்கப் போறோம்" என்றான் சாதிக்.

அவள் கணவர் மக்தூம், இந்த வளைகுடா நகரத்தின் அல் கூஸ் பகுதித் தொழிலாளர் கேம்ப்களுக்கு, மெஸ்ஸுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சப்ளை செய்பவர். கீழக்கரையிலிருந்து வந்த நாள் முதல் அதே சந்துகளில்தான் வேன் ஓட்டுகிறார். ஒரு ஃபைன் கூட வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வார். நேற்று மதியம் அந்தச் சந்துகளில் ஒன்றில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் நேராகப் போய் மோதினார். சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு நேபாளியின் கால் இடையில் சிக்கிவிட்டது.

போலீஸ் வந்தபோது மக்தூம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம். பெயரைக் கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொன்னாராம். நாக்கு குழறியது. கண் செருகியது. ஊதச் சொன்னார்கள். ஊதினார். மிஷின் பூஜ்யம் காட்டியது.

அதோடு விட்டிருக்க வேண்டும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். விடவில்லை. சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள், அதில் என்னவோ இருக்கிறது என்றார்கள். அரசு வழக்கை நடத்தும் அலுவலகத்தை இங்கே எல்லோரும் 'நியாபா' என்பார்கள். அங்கே அனுமதி வாங்கி ரத்தமும் எடுத்துவிட்டார்கள். ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை. மக்தூமும் வரவில்லை.

ஸ்டேஷனில் அவர்களிடம் பேசியது ஓர் இளம் அதிகாரி. உருது நன்றாகப் பேசினார். ஷம்சாதுக்கு அதில் பாதி புரிந்தது. மீதியைச் சாதிக் சொன்னான்.

"என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கேளு தம்பி."

சாதிக் கேட்டான். அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். சாதிக்கின் முகம் மாறியது.

"என்னடா?"

"ஏதோ மருந்து மாதிரி இருக்காம். என்ன மருந்துன்னு ரத்தத்துலதான் தெரியுமாம். டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து ஏதாச்சும் மச்சான் சாப்புடுறாரான்னு கேக்குறாரு."

"பிரஷருக்குக் கூட மாத்திர கெடையாது அவுகளுக்கு."

அதிகாரி அதைக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இந்த முறை ஷம்சாதைப் பார்த்தே பேசினார். வீட்டைப் பார்க்க வேண்டும். நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இப்போதே வருகிறோம். வேண்டாம் என்றால் நியாபாவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம், வந்ததும் வருவோம். உங்கள் இஷ்டம்.

இவ்வளவும் அவளுக்கே புரிந்தது. புரியாதது வேறு.

"ஊதுனதுலதான் ஒண்ணுமில்லையே. அப்புறம் எதுக்கு வீடு?"

சாதிக் அதைச் சொன்னதும் அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஊதியதில் ஒன்றுமில்லை என்பதால்தான் வீடு" என்றார். "குடித்திருந்தால் எங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். அவர் குடிக்கவில்லை. ஆனாலும் அவரால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஒரு ஆளின் கால் போயிருக்கிறது. எதனால் என்று நாங்கள் தேட வேண்டாமா?"

ஷம்சாத் மகளைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அதிகாரி சரி என்றார். அந்த 'சரி' அவளைப் பயமுறுத்தியது. அதட்டியிருந்தால் கூடத் தேவலை.

*

மக்தூமைப் பார்க்கக் கொஞ்ச நேரம் அனுமதித்தார்கள். அவள் கொண்டுபோன கைலியும் சட்டையும் அவர் கைக்குப் போக வெகுநேரம் ஆகும் போலிருந்தது. முகம் கழுவியிருந்தார். நேற்றைய குழறல் இல்லை. ஆனால் எதையோ தொலைத்துவிட்டு எதைத் தொலைத்தோம் என்றும் மறந்துபோனவர் போல உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற காவலருக்குத் தமிழ் தெரியாது.

"அந்த ஆளு எப்படி இருக்கான்? யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார் முதலில்.

"தெரியலங்க. ஆஸ்பத்திரிலதான் இருக்கானாம்."

"ஷம்சா, நீயும் நான் எதையோ போட்டுட்டு ஓட்டுனேன்னு நெனைக்கிறியா?"

"அல்லாவுக்குப் பொதுவா இல்லங்க."

"எனக்கே தெரியலயே. அதான் பயமா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "மெஸ்ல சாயா குடிச்சேன். அதுல யாராச்சும் எதையாச்சும் கலந்திருப்பானான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்கு யாரு கலப்பா? நான் என்ன மந்திரியா?"

"காலைல என்ன சாப்ட்டீங்க? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

"இடுப்புப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டு வெள்ள மாத்திர போட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. எதுலேர்ந்து எடுத்தேங்குறதுதான் பிடிபடல. உன் கால்சியம் டப்பாவத் தொறந்த மாதிரியும் இருக்கு. மேசைல கெடந்தத எடுத்த மாதிரியும் இருக்கு. சத்து மாத்திரைன்னு போட்டேனா, வலி மாத்திரைன்னு போட்டேனா… கனவு கண்டு முழிச்சா பாதி மறந்துருமே, அப்படி இருக்கு."

கால்சியம் டப்பா என்றதுமே ஷம்சாதின் பார்வை விலகிவிட்டது.

மக்தூம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"நீ நல்லாத் தூங்குறியா இப்பல்லாம்?"

"தூங்குறேங்க."

"ம்" என்றார் அவர்.

நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் கையைக் காட்டினார்.

*

திரும்பி வரும்போது சாதிக்தான் காரை ஓட்டினான். அவன் ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர். குடும்பம் ஊரில் இருக்கிறது. அக்கா வீட்டில்தான் ஒரு ரூமில் தங்கியிருக்கிறான். ஏ.சி. முழு வேகத்தில் ஓடியும் அவன் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"லாத்தா, ஒண்ணு சொல்லணும். ஏச மாட்டியே."

"சொல்லு."

"முந்தாநேத்து மச்சான் இடுப்பு வலிக்குதுன்னாருல்ல. நான் ரெண்டு மாத்திர எடுத்துச் சாப்பாட்டு மேசைல வெச்சேன். வலிச்சாப் போட்டுக்கங்க மச்சான்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்டேன்."

ஷம்சாத் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன மாத்திர அது?"

"தெரியாது. வேர்ஹவுஸ்ல ஒரு பட்டான் குடுத்தான். எனக்கு முதுகு வலி வந்தப்ப ஒண்ணு போட்டேன், நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா…"

"ஆனா?"

"அத முழுங்குன அன்னிக்கு அந்தப் பட்டான் ஃபோர்க்லிஃப்ட்ல ஏற மாட்டான். யாரையாச்சும் மாத்தி விட்டுட்டுப் போய்ப் படுத்துருவான்."

"இது தெரிஞ்சுதான் வேன் ஓட்டுற ஆளுக்கு எடுத்து வெச்சியா?"

"ராத்திரி போட்டுட்டுத் தூங்குவாருன்னு நெனைச்சேன் லாத்தா. காலைல எடுத்துப் போடுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாறாக, உள்ளே எங்கோ ஒரு நிம்மதி எழுந்தது. அப்படியானால் அது என்னுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அப்படி நினைத்த அடுத்த நொடியே அவளுக்குத் தன் மீதே அருவருப்பு வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மீதி எங்க இருக்கு?"

"என் ரூம்ல ஒரு அட்டை கெடக்கு. அவங்க வர்றதுக்குள்ள வீட்டச் சுத்தம் பண்ணிரலாம். நீ கையெழுத்து மட்டும் போட்டுராத."

சிக்னலில் கார் நின்றது. அவன் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். வேலை போய்விடும், விசா கேன்சல் ஆகிவிடும், பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்றெல்லாம். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கணவர் சொன்ன வெள்ளை மாத்திரைகளையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

குசைஸில் அவர்களுடைய ஃப்ளாட்டுக்குள் நுழைந்தபோது ஆமிரா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். காலேஜுக்குப் போகவில்லை. மறுமுனையில் உடையப்பன். காரைக்குடிக்காரர். ஒரு வக்கீல் ஆபீஸில் அரபு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். மக்தூமுக்குப் பழைய சிநேகிதர்.

"உம்மா, கையெழுத்துப் போட்டியா?" என்றாள் ஆமிரா.

"இல்ல."

"குட். போடாத. இட்ஸ் அவர் ஹவுஸ். காரணமே இல்லாம உள்ள வரக் கூடாது. மெஷின் ஸீரோன்னு சொல்லிடுச்சு, ஸீரோன்னா ஸீரோ. அப்புறம் எதுக்கு யூரின், எதுக்கு பிளட்? ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சப்புறமும் தேடிக்கிட்டே இருப்பாங்களா?"

"ஏம்மா ஆமிரா, செத்த பொறு" என்றார் உடையப்பன் ஃபோனில். "மிஷின் குடியை மட்டுந்தான் பாக்கும். வேன் ஏன் லாரியில போய் இடிச்சிச்சுங்கிறதுக்கு அதுல பதில் இருக்கா? ஆளு தடுமாறுறாரு, பேச்சு குழறுது, குடி இல்ல. அப்ப வேற என்னமோன்னு சந்தேகப்படக் காரணம் இருக்கு. அதக் காட்டித்தான் ரத்தத்துக்கு அனுமதி வாங்கியிருக்காங்க."

"வேனையும் தொறந்து பாத்துருக்காங்க அங்கிள். அதுக்கு யார்ட்ட கேட்டாங்க?"

"அது நடந்த எடத்துலயே பிடிச்சது, அது வேற. வீடு வேற. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வீட்டுக்கு நியாபாவோட எழுத்து வேணும். இல்லாட்டி நீங்களாப் பாத்துச் சரின்னு சொல்லணும். சொல்லலைங்கிறதுக்காக உங்களத் தப்பா நெனைக்க முடியாது. எழுத்து வரட்டும்னு இருக்கலாம்."

"கேட்டியா உம்மா?"

"இன்னொண்ணையும் கேட்டுக்குங்க." உடையப்பனின் குரல் மெதுவானது. "வீட்டுல என்ன இருக்கு, ஏது இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஃபோன்ல சொல்லவும் வேணாம். ஆனா எது இருந்தாலும் அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். தேடுறாங்கன்னு தெரிஞ்சப்புறம் தூக்கி எறிஞ்சா அது தனிக் குத்தம். நான் ஸ்டேஷனுக்குப் போறேன். பாயைப் பாத்துட்டுக் கூப்புடுறேன்."

ஃபோனை வைத்துவிட்டு ஆமிரா நிமிர்ந்தபோது மாமாவைக் காணவில்லை. சமையலறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது.

சாதிக் மருந்து வைக்கும் அலமாரியைத் திறந்து, கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு லூலு சூப்பர்மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டிருந்தான். இருமல் மருந்து, தைலம், காய்ச்சல் மாத்திரை, ஆமிராவின் கண் சொட்டு மருந்து. அவன் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டையின் வெள்ளி விளிம்பு தெரிந்தது.

"மாமா, வாட் ஆர் யூ டூயிங்? அங்கிள் இப்பத்தான சொன்னாரு."

"உடையப்பனுக்கு என்ன, அவரு வீட்டுக்கா வர்றாங்க? எது பிரச்சன, எது பிரச்சன இல்லன்னு நமக்குத் தெரியாது. எல்லாத்தையும் கொண்டுபோய்க் கீழ போட்டுட்டா முடிஞ்சு போச்சு. கலாஸ்."

அவன் கால்சியம் டப்பாவை எடுத்தான். ஷம்சாத் அதைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பை கீழே விழுந்தது.

"இது என்னுது."

"கால்சியந்தான லாத்தா. வேற வாங்கிக்கலாம்."

"கால்சியம் இல்ல."

ஷம்சாத் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பேச ஆரம்பித்தபோது மகளையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை.

"எங்க உம்மா மௌத்தானப்ப என்னால போக முடியல. டிக்கெட் கெடைக்கல. ஃபோன்ல முகத்தப் பாத்தேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் தூக்கமே போயிருச்சு. கண்ண மூடுனா நெஞ்சு அடிச்சுக்கும். போன லீவுல மதுரைல ஒரு டாக்டரப் பாத்தேன். அவுகளுக்குத் தெரியாமத்தான் போனேன். மனசு டாக்டருன்னா உன் வாப்பா என்ன நெனைப்பாகளோன்னு. இந்த மாத்திரைய அவருதான் எழுதிக் குடுத்தாரு. இங்க கொண்டுவர அனுமதி வாங்கணும்னு சொன்னாங்க. அனுமதி கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. ஊருல என் சிநேகிதி மெஹர்பானுதான் கால்சியம் டப்பால போட்டு எடுத்துட்டுப் போன்னா."

ஆமிரா டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள்.

"வாப்பா ரெண்டு வெள்ள மாத்திர போட்டாகளாம். எதுலேர்ந்து எடுத்தோம்னு அவுகளுக்கே தெரியல. சாதிக்கு மேசைல வெச்சதும் வெள்ளதான். இதுவும் வெள்ளதான்."

"மேசைல இருந்தது?" ஆமிரா மாமாவைப் பார்த்தாள். சாதிக் தரையில் சிதறிய மருந்துகளைப் பார்த்தான். "வெயிட். மாமாவும் குடுத்தாரா?"

சாதிக் தலையைப் பிடித்துக்கொண்டு அவற்றின் நடுவில் குந்திவிட்டான்.

ஆமிரா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் முன்புவரை அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. போலீஸ் உள்ளே வரக் கூடாது. அதுதான் நியாயம். இப்போது இந்த டப்பா அவர்கள் கையில் கிடைத்தால் வாப்பா தெரியாமல் சாப்பிட்டார் என்பது நிரூபணமாகலாம். ஆனால் உம்மா மாட்டிக்கொள்வாள். கிடைக்காவிட்டால் உம்மா தப்பிப்பாள். வாப்பா போதை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவர் ஆகிவிடுவார். அவர்கள் வர வேண்டுமா, வரக் கூடாதா? எந்தப் பக்கம் நின்று பேசுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"எத்தன இருந்துச்சு, எத்தன கொறைஞ்சிருக்குன்னு பாத்தா தெரியும்ல?" என்றாள்.

"எண்ணி வெச்சுக்கிட்டா சாப்புடுவேன்? தூக்கம் வராதப்ப போடுவேன்."

"மேசைல இருந்தது இப்ப இருக்கா?"

"மேசைய நேத்தே தொடச்சுட்டேன். கெடந்துச்சா, தொடைச்சப்ப குப்பைல போச்சா, எனக்குத் தெரியாது ஆமிரா. எதுவுமே தெரியல."

சாதிக் எழுந்து நின்றான்.

"லாத்தா, நான் சொல்றதக் கேளு. ரெண்டையும் ஒழிச்சிருவோம். ரத்தத்துல என்ன வந்தாலும் மச்சானுக்கு எதுவும் தெரியாது, நமக்கும் எதுவும் தெரியாது. மெஸ்ல சாயா குடிச்சாருல்ல. அங்க எவனோ கலந்துட்டான்னு இருக்கட்டும்."

"எவனோன்னா யாரு? அங்க சாயா போடுறவன் ஒரு ஆளுதான சாதிக்கு. நம்ம மாத்திரைக்கு அவனப் பிடிச்சிட்டுப் போகணுமா?"



அப்போது அழைப்பு மணி அடித்தது.

*

வந்தவர்கள் இரண்டு பேர். காலையில் பார்த்த இளம் அதிகாரியும், அவருடன் ஒரு பெண் அதிகாரியும். நியாபாவின் எழுத்து வந்துவிட்டது என்றார் இளம் அதிகாரி. பெண் அதிகாரி கதவுக்கு வெளியிலேயே நின்று ஆமிராவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் பெண்கள் இருப்பதால் தானும் வந்திருப்பதாகவும், எல்லா அறைகளையும் பார்க்கப் போவதாகவும், யாரும் எதையும் தொடக் கூடாது என்றும்.

அவருடைய பார்வை ஆமிராவின் தோளைத் தாண்டி, சமையலறைத் தரையில் கிடந்த இருமல் மருந்திலும் தைலத்திலும் போய் நின்றது.

சாதிக்கின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது.

ஷம்சாத் முன்னால் வந்தாள். சேலை முந்தானையால் தலையை நன்றாக மூடியிருந்தாள். டப்பா இன்னும் கையில்தான் இருந்தது.

"ஆமிரா, நான் சொல்றத அப்படியே சொல்லு. எதையும் கூட்டாத, கொறைக்காத."

"உம்மா, உடையப்பன் அங்கிள் வரட்டுமே. ப்ளீஸ்."

"அவரு வந்து என்ன சொல்லுவாரு? இது என் மாத்திரன்னு நான்தான சொல்லணும்." டப்பாவை நீட்டினாள். "இது நான் ஊருலேர்ந்து கொண்டு வந்தது. தூக்க மாத்திர. அனுமதி வாங்கல. என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. கால்சியம்னு நெனைச்சு இதுலேர்ந்து எடுத்துப் போட்டிருப்பாரு. தப்பு என்னுது."

ஆமிரா சொன்னாள். பெண் அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு டப்பாவை வாங்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். இளம் அதிகாரி அறைகளைப் பார்க்க உள்ளே போனார்.

"இவர் யார்?" பெண் அதிகாரி சாதிக்கைக் காட்டிக் கேட்டார்.

"மாமா. உம்மாவோட தம்பி."

"உன் அப்பாவுக்கு வேறு யாராவது ஏதாவது மருந்து கொடுத்தார்களா என்று அம்மாவிடம் கேள்."

ஆமிரா தமிழில் கேட்டாள். ஷம்சாத் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு ஊரில் மூன்று பிள்ளைகள். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. எதையும் குறைக்காதே என்று மகளிடம் சொன்னவள், தானே வாயைத் திறக்காமல் நின்றாள்.

ஆமிராவின் ஃபோன் அடித்தது. உடையப்பன். பெண் அதிகாரி எடுத்துக்கொள் என்று சைகை காட்டினார். ஆமிரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆமிரா, என்னம்மா நடக்குது உங்க வீட்டுல?" உடையப்பன் மூச்சு வாங்கினார். "நான் வர்றதுக்குள்ள பாய் வாக்குமூலம் குடுத்துட்டாரு. கேம்ப் பக்கத்துல எவன்கிட்டயோ தானே மாத்திர வாங்கிப் போட்டாராம். ஆளு யாருன்னு தெரியாதாம். வீட்டுல இருக்குறவங்களுக்கு எதுவுமே தெரியாதாம். மூணு தடவ கேட்டிருக்காங்க. மூணு தடவையும் அதையேதான் சொல்றாரு. ஏன் அப்படிச் சொல்றாரு? அம்மாவக் கூப்புடு."

காலையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்லாத் தூங்குறியா என்று அவர் கேட்டது ஏன் என்று ஷம்சாதுக்கு இப்போதுதான் புரிந்தது. டப்பாவில் இருந்தது என்னவென்று அவர் அப்போதே ஊகித்துவிட்டார்.

"அவுக பொய் சொல்றாக" என்றாள்.

ஆமிரா திகைத்துப் பார்த்தாள். "உம்மா, இத எப்படி நான் சொல்றது? வாப்பா போலீஸ்ட்ட பொய் சொல்றார்னா?"

"உள்ளதச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்றாகன்னு சொல்லு."

ஆமிரா சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

பெண் அதிகாரி உள்ளிருந்த இளம் அதிகாரியை அழைத்தார். இருவரும் அரபியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அந்த மனிதர் எங்கோ வாங்கியதாகச் சொல்கிறார். மனைவி தன்னுடையது என்கிறாள். இதில் எதை எழுதுவது? ஆமிரா பள்ளிக்கூடத்தில் படித்த அரபிக்கு அவ்வளவுதான் எட்டியது.

அதுவரை சுவரோரம் நின்ற சாதிக் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். அதை இளம் அதிகாரிக்கு முன்னால் நீட்டி, உருதுவில் சொன்னான்.

"பாய், இன்னொன்றும் இருக்கிறது. நானும் அவருக்கு மாத்திரை கொடுத்தேன்."

இளம் அதிகாரி அவனைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். ஷம்சாதைப் பார்த்தார். பிறகு சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்த வீட்டில் அவருக்கு மாத்திரை கொடுக்காதவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அது கேலியா, விசாரணையா என்று ஆமிராவுக்குத் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளை போலக் கையைப் பாதி தூக்கினாள்.

"அப்ப வாப்பாவ விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள்.

"ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றார் அவர். "அதில் இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் போகலாம். எனக்கும் தெரியாது. இப்போது இவர்கள் இரண்டு பேரும் எங்களுடன் வர வேண்டும்."

ஷம்சாத் செருப்பைப் போட்டுக்கொண்டாள். கதவருகே போனவள் திரும்பி நின்றாள்.

"காலு போன அந்த ஆளு எப்படி இருக்கான்னு கேளு ஆமிரா. அவுக கேட்டாக. எனக்குச் சொல்லத் தெரியல."

அதைக் கேட்ட பெண் அதிகாரி ஷம்சாதைத் திரும்பிப் பார்த்தார். காலையில் ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள், அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார்.

லிஃப்ட் வந்தது. சாதிக் தலையைக் குனிந்தபடி முதலில் ஏறினான். ஆமிரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, நான் என்ன பண்ணட்டும்? யாருக்காக வெயிட் பண்றது?"

இன்று வீட்டுக்கு யார் திரும்புவார்கள், யார் திரும்ப மாட்டார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஷம்சாத் லிஃப்டுக்குள் நின்றபடி யோசித்தாள்.

"யாரு மொதல்ல வந்தாலும் சோறு போட்டுக் குடு" என்றாள்.